குடியை நிறுத்திய மூன்றாம் நாள்

கார்த்திகை பிறந்ததும் மாலை போட்டுக்கொண்டு, அன்றே குடியை அடியோடு விட்டுவிடுகிறவர்கள் நம் ஊர்களில் நிறையப் பேர். பிள்ளை தலையில் கைவைத்துச் சத்தியம் செய்து நிறுத்துகிறவர்களும் உண்டு. அந்த உறுதி மதிக்கத்தக்கது. எப்போதாவது குடிப்பவர் இப்படி நிறுத்துவதில் ஆபத்து எதுவுமில்லை. ஆனால், ஆண்டுக்கணக்கில் தினமும் குடித்தவர், காலையில் ஒரு கட்டிங் போட்டால்தான் கை நடுக்கம் நிற்கும் என்ற நிலைக்கு வந்துவிட்டவர், மருத்துவர் துணையில்லாமல் ஒரே நாளில் நிறுத்தினால் உயிரே போகலாம். குடித்தால் ஈரல் கெடும் என்பது எல்லோருக்கும் தெரியும். நிறுத்தும்போது வரும் இந்த ஆபத்து பல வீடுகளுக்குத் தெரியாது.

மது மூளையின் வேகத்தைத் தணிக்கும் பொருள். அது நாள்தோறும் வந்துகொண்டே இருப்பதால், ஈடுகட்டுவதற்காக மூளை தன் தூண்டுதலைக் கூட்டி வைத்துக்கொள்கிறது. திடீரென மது நின்றால், கூடிய தூண்டுதல் மட்டும் மிஞ்சும். கடைசியாகக் குடித்து 6 மணி நேரம் கடந்ததிலிருந்தே நடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு தொடங்கும், தூக்கம் வராது. முதல் 2 நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். அதன்பின் 4-ஆம் நாள் வரை இன்னும் கடுமையான கட்டம். சுவரெல்லாம் பூச்சி ஊர்வதாகச் சொல்வார், யாரோ வெட்ட வருவதாகக் கத்துவார், பெற்ற பிள்ளையையே அடையாளம் தெரியாமல் விழிப்பார். காய்ச்சல் அடிக்கும், இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறும். மருத்துவர்கள் இதை டெலிரியம் ட்ரெமென்ஸ் என்பார்கள். எல்லோருக்கும் இது வருவதில்லை. வந்து சிகிச்சை கிடைக்காமல் போனால் 3-ல் ஒருவர் வரை இறக்கக்கூடும். உரிய நேரத்தில் சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலோர் பிழைத்துவிடுகிறார்கள்.

இந்த நேரத்தில்தான் குடும்பங்கள் தடுமாறுகின்றன. பேய் பிடித்துவிட்டது என்று மந்திரிக்க அழைத்துப் போகிறார்கள். அறையில் போட்டுப் பூட்டுகிறார்கள். மருத்துவமனையில் இருக்க வேண்டிய மணி நேரங்கள் இப்படிக் கழிந்துபோகின்றன. அங்கே கொடுப்பது டயசெபம், குளோர்டயசெபாக்சைடு போன்ற மருந்துகள்தான். சில நாட்களில் அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடுவார்கள். இந்த மாத்திரைகளை நாமாகக் கடையில் வாங்கிக் கொடுக்கக் கூடாது. மதுவோடு சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடலாம்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். சோறு இறங்காமல் குடித்தே நாளை ஓட்டியவர் உடம்பில் தயாமின் என்ற பி1 வைட்டமின் வற்றிப்போயிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். நடை தள்ளாடும், பார்வை இரட்டையாகும், நினைவாற்றல் நிரந்தரமாகவே போய்விடலாம். அதனால் பக்கத்து கிளினிக்கில் டிரிப் ஏற்றுவதற்கு முன்பே, "தினமும் குடிப்பவர், நிறுத்தி இத்தனை நாள் ஆகிறது" என்று மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். கௌரவம் பார்த்து மறைத்தால் இழப்பு நமக்குத்தான்.

குடிப்பவருக்கே தெரியாமல் குடியை மறக்கடிப்போம் என்ற விளம்பரங்களைச் சுவர்தோறும் பார்க்கலாம். மனம் நொந்த மனைவியும் தாயும் அதை நம்பி வாங்கிக் குழம்பில் கலக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. விற்கிறவர்கள் மேல்தான் கோபம். அதில் டைசல்பிரம் என்ற மருந்து இருந்து, அது உடம்பில் உள்ளபோது ஒருவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து, இதயமே நின்றுபோகலாம். மருத்துவர் அதைக் கொடுப்பதாக இருந்தால், குடிப்பவரிடம் விளக்கி, அவர் சம்மதம் பெற்ற பிறகே கொடுப்பார்.

சட்டமும் குடிநோயாளியின் பக்கம் நிற்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மது மற்றும் போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைப் பாதிப்பையும் மனநோய் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. அரசு நடத்தும், அரசு நிதியுதவி பெறும் மனநல சேவைகளில் சிகிச்சை பெறுவது உரிமை. சங்கிலியால் கட்டுவது குற்றம். 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகிய நாடு இது. சங்கிலிக்கான அந்தத் தடையின் அருமை நமக்குத் தெரிய வேண்டும். தனியார் மறுவாழ்வு மையத்தில் சேர்க்குமுன் மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். மனநல மருத்துவர் எத்தனை நாளைக்கு ஒருமுறை பார்ப்பார் என்று கேளுங்கள். வீட்டாரோடு பேச விடமாட்டோம் என்றாலோ, அடித்துத் திருத்துவோம் என்றாலோ அங்கே விடாதீர்கள். ஏற்கெனவே உள்ளே இருப்பவருக்குக் கொடுமை நடந்தால் மனநல மறுஆய்வு வாரியத்தில் முறையிடலாம்.

நடுக்கம் நின்றவுடன் சிகிச்சை முடிந்துவிடுவதில்லை. அடுத்து வரும் வாரங்களில் தூக்கமின்மையும் மனச்சோர்வும் வாட்டும்; தற்கொலை எண்ணம்கூட வரலாம். மருத்துவர் வரச்சொன்ன நாளில் தவறாமல் அழைத்துச் செல்லுங்கள். மீண்டும் ஒருமுறை குடித்துவிட்டால் வசைபாடாமல் மறுபடி கூட்டிப்போங்கள்.

தினமும் குடிப்பவர் நிறுத்த முடிவெடுத்தால், முதலில் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகட்டும். வலிப்போ பிதற்றலோ கண்டால் உடனே 108-ஐ அழையுங்கள். போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416. இரண்டும் கட்டணமில்லா எண்கள்.