ஈரம் காய்வதற்குள்

கண்ணாடியில் ஊற்றிய மருந்து காய்வதற்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும். பத்து நிமிடம், மிஞ்சிப்போனால் பதினைந்து. இருட்டறையில் தகட்டைப் பூசி, கமராவுக்குள் செருகி, எதிரே அமர்ந்திருப்பவரின் முகத்தை அதில் விழவைத்து, மறுபடியும் இருட்டறைக்கு ஓடிக் கழுவிவிட வேண்டும். நடுவில் தயங்கி நின்றால் முகம் வராது. 1864ஆம் ஆண்டில் புகைப்படம் எடுப்பது என்றால் இந்த ஓட்டம்தான்.

அதை 48 வயதில் ஓடத் தொடங்கிய ஒரு பெண் பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் என்று வளைந்து வளைந்து வரும் பாதை கொண்டுசேர்க்கும் இந்தத் தேயிலைப் பள்ளத்தாக்கில், புனித மரியாள் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில், கணவருக்குப் பக்கத்தில் கிடக்கிறார் ஜூலியா மார்கரெட் கமரன். கணவரை நம் பிள்ளைகளுக்குத் தெரியும். வரலாற்றுப் பாடத்தில் வரும் கோல்புறூக் - கமரன் ஆணைக்குழுவின் கமரன்தான் அவர். சார்ள்ஸ் ஹே கமரன். மனைவியைப் பற்றிப் பேசுவோர் இங்கே குறைவு. உலகத்தின் பெரிய அருங்காட்சியகங்களோ அவர் எடுத்த படங்களைப் பொத்திப் பொத்திப் பாதுகாக்கின்றன.

ஜூலியா 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். தந்தை கிழக்கிந்தியக் கம்பனி அதிகாரி. தன்னைவிட இருபது வயது மூத்த கமரனை 1838இல் மணந்தார். பத்து ஆண்டுகள் கழித்துக் குடும்பம் இங்கிலாந்துக்குப் போனது. ஆறு பிள்ளைகளைப் பெற்று, உறவில் தாயற்றுப் போன பிள்ளைகளையும் சேர்த்து வளர்த்தார். 1860இல் வைட் தீவில் ஃபிரெஷ்வோட்டர் என்ற ஊரில் குடியேறியபோது வீட்டுக்கு வைத்த பெயர் ‘டிம்போலா’. தலவாக்கலைப் பக்கத்துத் திம்புள்ளதான் அது. அங்கே அவர்களுக்குக் கோப்பித் தோட்டம் இருந்தது.

1863 டிசம்பரில் கணவர் அந்தத் தோட்டங்களைப் பார்க்க இலங்கை வந்திருந்தார். பிள்ளைகளில் மூத்தவர்கள் வளர்ந்து விலகியிருந்தார்கள். வீடு வெறிச்சென்றிருந்தது. தனிமைக்கு ஒரு பொழுதுபோக்காக இருக்கட்டும் என்று மகளும் மருமகனும் ஒரு கமராவை வாங்கிக் கொடுத்தார்கள். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்று சொல்லிச் சொல்லியே எத்தனையோ பேரை மூலையில் உட்கார வைத்தவர்கள் நாம். ஐம்பதுக்கு இரண்டு குறைவான வயதில் அந்தப் பெட்டி ஜூலியாவின் கைக்கு வந்தது.

அவருக்கு எதுவும் தெரியாது. பெட்டியை எங்கே வைப்பது, முகத்தை எப்படித் தெளிவாக விழவைப்பது, ஒன்றும் தெரியாது. முதன்முதலில் எடுத்த படத்தின் மருந்துப் பக்கத்தைக் கையால் தேய்த்து அழித்துவிட்டதாக அவரே பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார். நிலக்கரி போட்டுவைக்கும் அறையை இருட்டறையாக்கினார். கண்ணாடி பதித்த கோழிக்கூட்டைக் காலிசெய்து, படம் எடுக்கும் கூடமாக்கினார்.

அந்த இருட்டறைக்குள் என்னதான் நடந்தது?

பஞ்சிலிருந்து தொடங்க வேண்டும். சாதாரணப் பஞ்சை நைத்திரிக் அமிலத்திலும் சல்பூரிக் அமிலத்திலும் ஊறவைத்தால் அது வெடிபஞ்சாகிவிடும். அதை ஈதரும் மதுசாரமும் கலந்த திரவத்தில் கரைத்தால் பசை போன்ற தெளிந்த நீர்மம் கிடைக்கும். பெயர் கொலோடியன். காய்ந்ததும் மெல்லிய தோல்போல ஒட்டிக்கொள்ளும் என்பதால் வைத்தியர்கள் அதைக் காயத்தின் மேல் பூசினார்கள். பீரங்கிக்கும் புண்ணுக்கும் பயன்பட்ட அந்தப் பஞ்சைப் படத்துக்குக் கொண்டுவந்தவர் ஃபிரெடரிக் ஸ்கொட் ஆர்ச்சர் என்ற ஆங்கிலேயச் சிற்பி. 1851இல் தன் முறையை வெளியிட்டார். காப்புரிமை எடுக்கவில்லை, யார் வேண்டுமானாலும் செய்யட்டும் என்று விட்டுவிட்டார். ஆறே ஆண்டுகளில் வறுமையில் இறந்துபோனார். அவர் திறந்துவைத்த கதவால்தான் ஜூலியாவைப் போன்ற புதியவர்கள் உள்ளே வர முடிந்தது.

அயடைட்டு உப்புக் கலந்த கொலோடியனைக் கண்ணாடியின் நடுவில் ஊற்றி, நான்கு மூலைக்கும் ஓடும்படி சரித்துச் சரித்துப் பூச வேண்டும், தோசைக்கல்லில் எண்ணெயை ஓடவிடுவது போல. ஜூலியா பின்னாளில் வாங்கிய பெரிய கமராவில் கண்ணாடி 15 அங்குலத்துக்கு 12 அங்குலம். அவ்வளவு பெரிய கண்ணாடியைக் கையில் ஏந்திச் சரிக்கும்போது ஒரு தூசி விழுந்தாலும், விரல் நுனி பட்டாலும் அது நிரந்தரம். பூசிய தகட்டை வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் மூழ்கவைத்தால் படலத்துக்குள்ளேயே வெள்ளி அயடைட்டு உண்டாகும். இளமஞ்சள் பால்போல் படரும் அதுதான் ஒளியை உணரும் பொருள்.

கமராவுக்குள் நடப்பதை யாராலும் பார்க்க முடியாது. முகத்தில் பட்டுத் திரும்பிய ஒளி அந்தப் படிகங்களைத் தொடும்போது ஓர் இலத்திரன் விடுபடுகிறது. அதைப் பெற்ற ஒரு வெள்ளி அயன் வெறும் வெள்ளி அணுவாகிறது. இப்படிச் சில அணுக்கள் ஓரிடத்தில் கூடினால் போதும், அது ஒரு புள்ளிக்கு வித்து. தகட்டை எடுத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மூக்கும் கண்ணும் நெற்றிச் சுருக்கமும் அதற்குள் எழுதப்பட்டுவிட்டன, ஆனால் தெரியாது. இருட்டறைக்குத் திரும்பி இரும்புச் சல்பேற்றுக் கரைசலை ஊற்றியதும், தகட்டின் ஈரத்தில் மிச்சமிருக்கும் வெள்ளி அந்த வித்துகளைத் தேடிப் போய்ப் படிகிறது. வெறுமையாக இருந்த கண்ணாடியில் சில நொடிகளில் ஒரு முகம் எழுந்து வருகிறது. இதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

ஈரம் ஏன் காயக்கூடாது என்பதும் இதில்தான் இருக்கிறது. முகத்தை உருவாக்கும் வெள்ளி அந்த ஈரத்தில் இருக்கிறது. காய்ந்தால் நைத்திரேற்று படிகமாகி உறைந்துவிடும். கொலோடியனும் இறுகி, மேலே ஊற்றும் மருந்தை உள்ளே விடாது. தோட்டத்து ஸ்டோரில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அரைத்த கொழுந்து நிறம் மாறிக்கொண்டே இருக்கும். வாசம் பார்த்து, நேரம் பார்த்து அடுப்புக்கு அனுப்பாவிட்டால் அன்றைய தேயிலை கெட்டது. ‘இப்போது பயமாக இருக்கிறது, பிறகு பார்க்கலாம்’ என்ற பேச்சு கொழுந்திடம் செல்லாது, கண்ணாடியிடமும் செல்லாது. ஜூலியாவுக்குப் பயம் இருந்திருக்காது என்று நான் சொல்லமாட்டேன். பயந்துகொண்டிருக்க அந்தத் தகடு நேரம் தரவில்லை என்றே நினைக்கிறேன்.

1864 ஜனவரி 29ஆம் திகதி, வெள்ளிக்கிழமை, பகல் ஒரு மணிக்கு ஆனி ஃபில்போட் என்ற சிறுமியைப் படம் எடுத்தார். அன்றிரவு எட்டு மணிக்குள் அதைக் காகிதத்தில் அச்சிட்டு, நிறமேற்றி, சட்டமிட்டுச் சிறுமியின் தந்தையிடம் கொடுத்தும்விட்டார். எல்லாம் தன் கையாலேயே. அதைத்தான் தன் முதல் வெற்றி என்று குறித்து வைத்தார். மகிழ்ச்சியில் அந்தப் பிள்ளைக்குக் கொடுக்க ஏதாவது கிடைக்காதா என்று வீடெங்கும் தேடி ஓடினாராம்.

அச்சிடும் காகிதம் முட்டை வெள்ளைக்கரு பூசியது. கோழிகளைக் கூட்டிலிருந்து துரத்தியவருக்கு, முட்டை இல்லாமல் ஒரு படம்கூட முடியாது! கண்ணாடியைக் காகிதத்தின் மேல் வைத்து வெயிலில் காயப்போட்டால் படம் தானாகக் கறுத்து வரும். படத்தைப் பெரிதாக்குவது அன்று எளிதாக இல்லை. பெரிய முகம் வேண்டுமென்றால் கண்ணாடியே பெரிதாக இருக்க வேண்டும். அவர் பெரிய முகங்களையே விரும்பினார்.

பெரிய கண்ணாடியில் முகத்தை நிரப்பினால் இன்னொன்று நடக்கும். கண் தெளிவாக விழுந்தால் காது மங்கும். அன்றைய சில வில்லைகளில் வேறொரு சிக்கலும் உண்டு. நம் கண் அதிகம் உணர்வது மஞ்சளும் பச்சையும். வெள்ளி அயடைட்டு உணர்வது நீலத்தையும் ஊதாவையும். இரண்டு ஒளியும் வில்லைக்குள் ஒரே தூரத்தில் குவியாது. கண்ணுக்குக் கூர்மையாகத் தெரிந்த முகம் தகட்டில் சற்று மங்கலாக விழும். போதாததற்கு ஒரு படத்துக்கு நிமிடக்கணக்கில் அசையாமல் உட்கார வேண்டும். மூச்சு, இமை, கழுத்தின் மெல்லிய தளர்வு எல்லாமே ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்துவிடும்.

புகைப்படச் சஞ்சிகைகள் அவரை விடவில்லை. தெளிவில்லை, கறை, கீறல், விரல் அடையாளம் என்று எழுதித் தள்ளின. கறைகள் உண்மைதான்; இன்றும் அந்தப் படங்களில் பார்க்கலாம். மங்கல் மட்டும் தற்செயலில் தொடங்கி அவருடைய தேர்வாக மாறியது. வில்லையைத் திருப்பிக்கொண்டே போகும்போது தன் கண்ணுக்கு அழகாகத் தெரிந்த இடத்தில் நிறுத்திவிட்டதாகவும், மற்றவர்கள் வற்புறுத்தும் கூர்மைவரை போகவில்லை என்றும் அவர் எழுதியிருக்கிறார். ஒரு தொழிலில் புதிதாக நுழைந்தவர், அந்தத் தொழிலின் பெரியவர்கள் பிழை என்று சொன்னதில் தனக்கு வேண்டியதைக் கண்டுகொண்டு அங்கேயே நின்றார். அவர் செய்ததில் மிகத் துணிச்சலானது இதுவென்பேன்.

இரண்டு ஆண்டுகள் முடிவதற்குள் லண்டன் சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகம் அவர் படங்களை வாங்கி, காட்சிக்கும் வைத்தது. 1868இல் படம் எடுக்க இரண்டு அறைகளையும் கொடுத்தது. கவிஞர் டெனிசன், கார்லைல், சார்ள்ஸ் டார்வின் என்று அக்காலத்துப் பெரிய தலைகள் எல்லாம் அவர் முன் அசையாமல் உட்கார்ந்தன. வானியலாளர் ஜோன் ஹெர்ஷலின் படத்தை நான் மிகவும் நேசிக்கிறேன். நரைத்த முடியைக் கழுவிப் பறக்கவிடச் சொல்லி எடுத்தாராம். படம் அழியாமல் நிலைக்கச் செய்யும் உப்பின் குணத்தை 1819இலேயே கண்டறிந்தவர் ஹெர்ஷல். ஜூலியா அதே வேலைக்குப் பொற்றாசியம் சயனைட்டைக் கையில் வழியவிட்டுப் பயன்படுத்துகிறார் என்று அறிந்து, கவனமாக இருக்கும்படி பதறி எழுதியவரும் அவரே.

இனி பணம். வெறும் பொழுதுபோக்காக இதை அவர் நினைக்கவில்லை. 500க்கும் மேற்பட்ட படங்களுக்குப் பதிப்புரிமை பதிவு செய்தார். லண்டன் வணிகர் வழியாக விற்றார். ஆனாலும் கடன் தீரவில்லை. குடும்பத்தை நிறுத்தி வைத்திருந்தது கோப்பிதான். அந்தக் கோப்பியின் அடியில் இருந்தவர்கள் நம் முன்னோர்: தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கடல் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியாக மலைக்கு நடந்தவர்கள், வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனையோ பேர். ஃபிரெஷ்வோட்டர் இருட்டறையில் ஊற்றிய ஒவ்வொரு துளி வெள்ளி நைத்திரேற்றிலும் அவர்கள் வேர்வை இருந்தது. ஜூலியாவின் துணிச்சலைப் போற்றும்போது இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வராது. தனக்குப் பிடித்ததைத் தேடிப் போகும் பாதை அவருக்குத் திறந்திருந்தது. அதற்கு விலை கொடுத்தவர்களுக்கு லயத்தின் வாசல் மட்டுமே திறந்திருந்தது.

1869இல் கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் தூள் தோன்றியது. ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்ற பூஞ்சை. மெல்ல மெல்ல இலங்கைக் கோப்பியையே அழித்து, இந்த மலைகளைத் தேயிலையிடம் ஒப்படைத்தது அதுதான். 1875இல் கமரன் தம்பதி இலங்கைக்கே வந்துவிட்டார்கள். தங்கள் சவப்பெட்டிகளையும் கப்பலில் கொண்டுவந்தார்கள் என்று ஒரு கதை உண்டு.

களுத்துறையில் ஜூலியா மறுபடியும் கமராவை நிறுத்தினார். 1877இல் வந்த ஓவியர் மரியான் நோர்த்தைப் படம் எடுத்தார். ஆனால் ஈதர் வெக்கையில் நொடியில் பறக்கும் நாட்டில், மருந்தும் கண்ணாடியும் கப்பலில் வர வேண்டிய ஊரில் வேலை சுருங்கிவிட்டது. இலங்கையில் எடுத்தவற்றில் எஞ்சியவை ஏறக்குறைய முப்பதுதான். 1879 ஜனவரி 26ஆம் திகதி டிக்கோயா கிளென்கேர்ன் தோட்டத்தில் இறந்தார். ஆனி ஃபில்போட் படம் எடுத்த நாளிலிருந்து மூன்று நாள் குறைய 15 ஆண்டுகள். அடுத்த ஆண்டு கணவரும் வந்து சேர்ந்தார்.

அந்த முப்பது படங்களை மட்டும் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். களுத்துறைக் கிராமத்தவர்கள், வேலையாட்கள், இளம்பெண்கள். ஒரு படத்தின் குறிப்பில், பெண்ணுக்கு 12 வயது, பக்கத்தில் இருக்கும் கிழவர் தான் அவள் தந்தை என்றும் தனக்கு 100 வயது என்றும் சொல்கிறார் என்றிருக்கிறது. வயதைக் கேட்டு எழுதியவர் பெயரை எழுதவில்லை. டார்வினுக்குக் கிடைத்தது இவர்களில் பெரும்பாலோருக்குக் கிடைக்கவில்லை. நம் தோலின் நிறம் நீல ஒளியைக் குறைவாகவே திருப்பி அனுப்பும். அதனால் அந்தத் தகட்டில் நாம் இருப்பதைவிடக் கறுப்பாகவே விழுவோம். இருந்தும் அவர்கள் முகம் விழுந்திருக்கிறது. நிமிடக்கணக்கில் அசையாமல் நின்றிருக்கிறார்கள். அந்தச் சிறுமியின் கன்னத்தில் பட்டுத் திரும்பிய களுத்துறை வெயில், ஈரம் காய்வதற்குள், கண்ணாடியில் வெள்ளியாகப் படிந்தது.