அமெரிக்க யுனிவர்சிட்டியில் சீட் கிடைச்சாச்சு... பிசினஸ் ஸ்கூலுக்குள் நுழைய முதல் வருடம் எந்தப் பாடங்களை எடுக்கணும்?

அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் இருந்து அட்மிஷன் லெட்டர் வந்ததுமே, 'பையன் பிசினஸ் படிக்கப் போறான்' என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். அந்த லெட்டரை நிதானமாகப் படித்தால், சிலருக்கு அதில் 'பிரீ-பிசினஸ்' என்றோ 'அன்டிக்ளேர்டு' என்றோ இருக்கும். பல்கலைக்கழகத்துக்குள் வர அனுமதி கிடைத்துவிட்டது, அதன் பிசினஸ் ஸ்கூலுக்குள் நுழைய இன்னொரு விண்ணப்பம் பாக்கி இருக்கிறது என்பதுதான் இதன் அர்த்தம்.

அந்த இரண்டாவது விண்ணப்பத்துக்குப் பெரும்பாலும் தனி நுழைவுத் தேர்வு கிடையாது. முதல் ஒன்றிரண்டு வருடங்களில் எடுத்த பாடங்களும், வாங்கிய கிரேடும்தான் தேர்வு. அதனால், கல்லூரிக்குப் போன முதல் வாரத்தில் போடும் டைம்டேபிளே அடுத்த மூன்று வருடங்களைத் தீர்மானித்துவிடலாம்.

எல்லா இடத்திலும் இப்படித்தானா?

இல்லை. 1881-ல் தொடங்கப்பட்ட பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் பிசினஸ் ஸ்கூல், பிளஸ் டூ முடித்தவர்களை நேரடியாகவே சேர்த்துக்கொள்கிறது. சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஃபாஸ்டர் பிசினஸ் ஸ்கூலில் இரண்டு வழிகளும் உண்டு. சிலர் நேரடியாகச் சேர்கிறார்கள். மற்றவர்கள் குறிப்பிட்ட பாடங்களை முடித்துவிட்டு விண்ணப்பிக்கிறார்கள்.

விதிகள் மாறவும் செய்யும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் உள்ள ஹாஸ் பிசினஸ் ஸ்கூலில் இளங்கலை படிக்க, முன்பெல்லாம் இரண்டு வருடம் வேறு பிரிவில் படித்துவிட்டுத்தான் விண்ணப்பிக்க முடியும். 2024 முதல் அது நான்கு வருடப் படிப்பாகி, முதலாம் ஆண்டிலேயே நேரடிச் சேர்க்கை வந்துவிட்டது. எனவே நாலு வருஷத்துக்கு முன்னால் போன சீனியர் சொல்வதை அப்படியே நம்பிவிட முடியாது. தான் சேரும் வருடத்துக்கான விதியை பிசினஸ் ஸ்கூலின் இணையதளத்தில் பார்ப்பதே பாதுகாப்பு.

என்னென்ன பாடங்கள் கேட்பார்கள்?

பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் பட்டியல் மாறும். ஆனாலும் திரும்பத் திரும்ப வருபவை இந்த ஐந்துதான்: கால்குலஸ், பொருளாதாரம் (மைக்ரோ, மேக்ரோ), புள்ளியியல், ஃபைனான்ஷியல் அக்கவுண்டிங், ஆங்கில எழுத்துப் பயிற்சி. இவற்றை 'பிரீரெக்விசிட்' என்பார்கள். இதில் ஒன்று விடுபட்டாலும், மற்ற எல்லாவற்றிலும் 'ஏ' வாங்கியிருந்தாலும் விண்ணப்பத்தையே ஏற்காத இடங்கள் உண்டு.

தமிழ்நாட்டில் இருந்து போகும் மாணவர்களுக்கு இதில் ஒரு சாதகமும் ஒரு சிக்கலும் இருக்கிறது. பிளஸ் டூவில் கணிதம் அல்லது வணிகக் கணிதம் எடுத்தவர்கள் வகையீடு, தொகையீடு எல்லாம் ஏற்கெனவே பார்த்திருப்பார்கள். கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு டெபிட், கிரெடிட் புதுசு இல்லை. ஆனால் கணிதமே இல்லாத காமர்ஸ் குரூப்பில் படித்தவர்கள், பழக்கம் விட்டுப்போன நிலையில் நேராக கால்குலஸில் போய் உட்கார்ந்தால் திணற வாய்ப்பு அதிகம்.

எதை முதலில் எடுப்பது?

வரிசை முக்கியம். பல இடங்களில் கால்குலஸுக்கு முன் 'பிளேஸ்மென்ட் டெஸ்ட்' என்ற கணிதத் தேர்வு இருக்கும். அதில் மதிப்பெண் குறைந்தால் 'பிரீகால்குலஸ்' எடுக்கச் சொல்வார்கள். அப்போது கால்குலஸ் அடுத்த பருவத்துக்குத் தள்ளிப்போகும். அதை நம்பியிருக்கும் மற்ற பாடங்களும் கூடவே தள்ளிப்போகும். எனவே இந்தத் தேர்வுக்கு ஊரிலேயே ஒரு மாதம் பயிற்சி எடுத்துவிட்டுப் போவது நல்லது.

செமஸ்டர் முறையில் பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட் வேண்டும். அதாவது ஒரு செமஸ்டருக்குச் சராசரியாக 15. முதல் செமஸ்டரில் கால்குலஸ், மைக்ரோ, ஆங்கில எழுத்து, கூடவே ஒரு பொதுப் பாடம். இரண்டாவதில் புள்ளியியல், மேக்ரோ, அக்கவுண்டிங், இன்னொரு பொதுப் பாடம் என்று பிரித்தால் சுமை சமமாக இருக்கும். கால்குலஸ், அக்கவுண்டிங், புள்ளியியல் மூன்றையும் முதல் செமஸ்டரிலேயே முடித்துவிடலாம் என்று கிளம்புவதுதான் பலருக்கும் வினையாகிறது.

ஒரு 'சி' என்ன செய்துவிடும்?

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. ஒரு மாணவி 13 கிரெடிட் எடுக்கிறார். 4 கிரெடிட் கால்குலஸில் 'சி' (2.0), 3 கிரெடிட் மைக்ரோவில் 'பி' (3.0), 3 கிரெடிட் அக்கவுண்டிங்கில் 'ஏ' (4.0), 3 கிரெடிட் ஆங்கிலத்தில் 'பி பிளஸ்' (3.3). ஒவ்வொரு கிரேடையும் அதன் கிரெடிட்டால் பெருக்கிக் கூட்டினால் 38.9. அதை 13-ஆல் வகுத்தால் ஜிபிஏ 2.99.

அதே மாணவி கால்குலஸில் மட்டும் 'பி பிளஸ்' வாங்கியிருந்தால் ஜிபிஏ 3.39. போட்டி அதிகமுள்ள பிசினஸ் ஸ்கூலில் இந்த இரண்டு எண்களும் வேறு வேறு முடிவைத் தரக்கூடியவை.

நம்ம ஊர் கல்லூரியில் ஒரு பேப்பர் போனால் அரியர் எழுதிக் கிளியர் பண்ணலாம் என்ற தைரியம் இருக்கும். அங்கே 'சி' என்பது பாஸ்தான். அதனாலேயே சில இடங்களில் அதே பாடத்தை மறுபடி எடுக்க விடமாட்டார்கள். எடுக்கவிட்டாலும் பழைய கிரேடையும் புதியதையும் சேர்த்துச் சராசரி பார்க்கும் இடங்கள் உண்டு. 'பாஸ்/ஃபெயில்' முறையில் எடுத்துத் தப்பிக்கலாம் என்றால், பிரீரெக்விசிட் பாடங்களுக்குப் பொதுவாக அது செல்லாது.

முடியலைன்னா பாதியில் டிராப் பண்ணலாமா?

கெடுவுக்குள் பாடத்தில் இருந்து விலகினால் கிரேடுக்குப் பதில் 'டபிள்யூ' என்று பதிவாகும். ஜிபிஏ குறையாது. ஆனால் வெளிநாட்டு மாணவர்களுக்கு இங்கே ஒரு பெரிய எச்சரிக்கை.

எஃப்-1 விசாவில் இருக்கும் இளங்கலை மாணவர்கள் ஒவ்வொரு பருவத்திலும் குறைந்தது 12 கிரெடிட் படித்தாக வேண்டும். மேலே சொன்ன மாணவி 4 கிரெடிட் கால்குலஸை டிராப் செய்தால், மிச்சம் 9 தான். அது விசா விதியை மீறியதாகிவிடும். ஆன்லைன் வகுப்பாலும் இதை முழுசாக ஈடுகட்ட முடியாது. இந்த 12-ல் ஒரு ஆன்லைன் வகுப்பு, அதிகபட்சம் 3 கிரெடிட் மட்டுமே சேரும்.

இதற்கு விதிவிலக்கும் உண்டு. தகுதிக்கு மீறிய நிலைப் பாடத்தில் தவறாகச் சேர்க்கப்பட்டது போன்ற காரணங்களுக்காக, சர்வதேச மாணவர் அலுவலக அதிகாரி குறைந்த கிரெடிட்டுக்கு அனுமதி தரலாம். ஆனால் டிராப் பண்ணுவதற்கு முன்பே அந்த அனுமதி கையில் இருக்க வேண்டும். இதனால்தான் முதல் செமஸ்டரில் 12-ஐ ஒட்டி நிற்காமல் 15 கிரெடிட் எடுப்பது நல்லது. 3 கிரெடிட் பாடம் ஒன்றை விட்டாலும் விசாவுக்கு ஆபத்து வராது.

பிசினஸ் ஸ்கூல் கிடைக்கலைன்னா?

இந்தக் கேள்வியை முதல் செமஸ்டரிலேயே கேட்டுக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். அரசுப் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு மாணவர்களுக்கான கட்டணம் உள்மாநில மாணவர்களைவிடப் பல மடங்கு அதிகம். வேறு பிரிவுக்கு மாறும்போது எடுத்த பாடங்கள் வீணாகி ஒரு செமஸ்டர் கூடினாலும், ஊரில் கல்விக்கடன் கட்டும் குடும்பத்துக்குப் பல லட்ச ரூபாய் சுமை.

நல்ல செய்தி என்னவென்றால், கால்குலஸ், புள்ளியியல், மைக்ரோ, மேக்ரோ இந்த நான்கும் பொருளாதார மேஜருக்கும் அடிப்படைப் பாடங்கள். முதல் இரண்டும் புள்ளியியல் மேஜருக்கும் உதவும். ஆனால் 'இன்ட்ரோ டு பிசினஸ்' மாதிரியான பாடங்கள் வேறு துறையில் வெறும் விருப்பப் பாடமாகவே சேரலாம். எனவே எந்தப் பாடத்தைத் தேர்ந்தெடுத்தாலும், 'பிசினஸ் கிடைக்காவிட்டால் இது வேறு எதற்குப் பயன்படும்?' என்று பார்த்துவிட வேண்டும்.

பட்டத்தின் பெயரும் முக்கியம். எஃப்-1 மாணவர்கள் படிப்பு முடிந்தபின் 12 மாதம் 'ஓபிடி' முறையில் வேலை பார்க்கலாம். ஸ்டெம் பட்டியலில் உள்ள படிப்பு என்றால் கூடுதலாக 24 மாதம். தற்போதைய பட்டியலில் பொதுவான பொருளாதாரமும் பிசினஸ் அட்மினிஸ்ட்ரேஷனும் இல்லை. எக்கனாமெட்ரிக்ஸ், புள்ளியியல், மேனேஜ்மென்ட் சயின்ஸ் இருக்கின்றன. அதாவது, 'இரண்டாவது சாய்ஸ்' என்று நினைக்கும் மேஜர், வேலை விஷயத்தில் முதல் சாய்ஸைவிடக் கைகொடுக்கவும் கூடும்.

யாரிடம், என்ன கேட்பது?

ஒவ்வொரு மாணவருக்கும் பல்கலைக்கழகம் 'அகாடமிக் அட்வைசர்' ஒருவரை ஒதுக்கும். இதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. டைம்டேபிளை உறுதி செய்யும் முன் அவரிடம் கேட்க வேண்டியவை:

* பிசினஸ் ஸ்கூலுக்கு எப்போது விண்ணப்பிக்கலாம்? எந்த செமஸ்டர் கிரேடு வரை கணக்கில் வரும்?
* மொத்த ஜிபிஏ பார்ப்பார்களா, பிரீரெக்விசிட் பாடங்களின் ஜிபிஏவைத் தனியாகப் பார்ப்பார்களா?
* ஒரு பாடத்தை மறுபடி எடுத்தால் எந்தக் கிரேடு செல்லும்?
* ஏபி தேர்வு மூலம் ஒரு பாடத்தைத் தவிர்த்தால், அது பிரீரெக்விசிட்டாக ஏற்கப்படுமா?
* 'குறைந்தபட்ச ஜிபிஏ' என்பது விண்ணப்பிக்கும் தகுதியா, சேர்க்கைக்கான உத்தரவாதமா?

கடைசிக் கேள்வியில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். இணையதளத்தில் '3.0 போதும்' என்று இருந்தால், விண்ணப்பிக்க 3.0 போதும் என்றுதான் பெரும்பாலும் பொருள். சீட் கிடைத்தவர்களின் சராசரி அதைவிட அதிகமாக இருக்கலாம். அந்தச் சராசரியையும் கேட்டுத் தெரிந்துகொண்டு, பதிலை ஈமெயிலில் வாங்கி வைத்துக்கொண்டால் பின்னால் குழப்பம் வராது.