கைப்பற்றிய துவக்குகளும் வெட்டி எழுதிய இலக்கங்களும்

கனடாவில் என்னோடு வேலை செய்யும் வெள்ளைக்காரர் ஒருவர் பழைய இராணுவத் துவக்குகளைச் சேகரிப்பவர். ஒருநாள் வீட்டுக்கு அழைத்துப்போய், இரும்புப் பெட்டியைத் திறந்து ஒன்றை என்னிடம் நீட்டினார். வாங்கத் தயங்கினேன். துவக்கைக் கண்டால் கையை உயர்த்திப் பழகிய உடம்பு இது. அவருக்கு அது விளங்கவில்லை. அதிலிருந்த குறிகளை ஒவ்வொன்றாகக் காட்டத் தொடங்கினார். அன்று தொட்ட ஆர்வத்தில்தான் இதைப் பற்றி வாசித்து வருகிறேன்.

அது ஜேர்மனியின் கே98கே மவுசர். இரண்டாம் உலகப் போரில் ஜேர்மன் காலாட்படையினர் பெரும்பாலும் சுமந்த துவக்கு. 7.92 மில்லிமீற்றர் ரவை, ஒரு தடவைக்கு ஐந்து. 1943 பெப்ரவரியில் ஸ்டாலின்கிராட்டில் ஜேர்மனியின் 6ஆவது இராணுவம் சரணடைந்தது முதல் 1945 மே வரை இவை சோவியத் படைகளின் கையில் பெருந்தொகையாகச் சேர்ந்தன.

ஜேர்மன் தொழிற்சாலையில் ஒரு துவக்கின் முக்கிய பாகங்கள் எல்லாவற்றிலும் அதே இலக்கத்தைப் பொறிப்பார்கள். சிறிய பாகமென்றால் கடைசி இரண்டு எண்கள். சோவியத் பட்டறைகளுக்கு அது தேவைப்படவில்லை. துவக்குகளைக் கழற்றிக் குவித்தார்கள். கழுவி, இரும்புக்கு மீண்டும் கறுப்பு ஏற்றி, மரத்துக்கு அரக்குப் பூசி, கைக்கு வந்த பாகங்களைப் பூட்டினார்கள். பிறகு போல்ட்டில் இருந்த பழைய இலக்கத்தைக் கோடிழுத்து வெட்டி, நடு உடலில் உள்ள இலக்கத்தை மின் எழுத்தாணியால் எழுதினார்கள். சிலவற்றில் நாசிகளின் கழுகுச் சின்னத்தைக் குத்திச் சிதைத்தார்கள். பலவற்றில் ஒரு எக்ஸ் குறியும் உண்டு. கைப்பற்றிய ஆயுதத்துக்கான அடையாளம் அது என்பது சேகரிப்பாளர்களின் விளக்கம்.

அடுத்த போருக்கென்று இவற்றைக் களஞ்சியங்களில் அடுக்கி வைத்தார்கள். ஒரு பகுதி வியட்நாமுக்குப் போனது. அங்கே அமெரிக்கச் சிப்பாய்கள் சிலவற்றைப் பிடித்து ஞாபகப் பொருளாக வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு போரில் இரண்டு முறை கைப்பற்றப்பட்ட துவக்கு! சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு மிச்சம் வட அமெரிக்கச் சந்தைக்கு மலிவு விலையில் வந்தது. கலப்புப் பாகம் என்று அன்று முகம் சுளித்தவர்களும் இன்று தேடுகிறார்கள். மின் எழுத்தாணி இலக்கத்தை அராவி எடுத்து, ஜேர்மன் அச்சைப் போலவே புதிதாகக் குத்தி, 'அசல்' என்று கூடிய விலைக்கு விற்கிற ஏமாற்றும் நடக்கிறது. அதனால் அனுபவமுள்ளவர்கள் முதலில் பார்ப்பது இலக்கத்தைச் சுற்றியுள்ள இரும்பு தேய்ந்திருக்கிறதா என்பதைத்தான்.

நண்பரின் துவக்கில் 'பிஎன்இசட்' என்ற மூன்று எழுத்துகள் இருந்தன. ஒஸ்ரியாவின் ஸ்டயர் தொழிற்சாலைக்கான இரகசியக் குறி. அந்த நிறுவனத்துக்காகக் கூசன் வதைமுகாம் கைதிகள் துவக்குப் பாகங்களைச் செய்தார்கள். பட்டினியில் செத்துக்கொண்டே செய்தார்கள். அவர்களின் கை பட்டதற்கு எந்தக் குறியும் இரும்பில் இல்லை. எந்தத் தொழிற்சாலை, எந்த ஆண்டு, எந்தப் பரிசோதகர் என்பதெல்லாம் உண்டு.

தூக்கித் திரிந்தவன் யார் என்பதும் இல்லை. ஜேர்மன் சிப்பாயின் சம்பளப் புத்தகத்தில் அவனுக்குக் கொடுத்த ஆயுதத்தை எழுத ஒரு பக்கம் இருந்தது. ஆனால் கிழக்குப் போர்முனையில் காணாமற்போனவர்களில் எத்தனையோ பேருக்குப் புத்தகமும் இல்லை, புதைகுழியும் இல்லை. ஜேர்மன் செஞ்சிலுவைச் சங்கம் போர் முடிந்து பல தசாப்தங்களுக்குப் பிறகும் அவர்களைத் தேடிக்கொண்டிருந்தது. தேடுவதென்றால் என்னவென்று எங்கள் வீடுகளுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

"இதை வைத்திருந்தவனுக்கு என்ன நடந்திருக்கும்?" என்று நண்பரிடம் கேட்டேன்.

அவர் போல்ட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். கோட்டுக்குக் கீழே பழைய இலக்கம் இன்னும் வாசிக்கக்கூடியதாக இருந்தது.

"எந்தப் பாகத்தை வைத்திருந்தவனைக் கேட்கிறீர்கள்?" என்றார்.