“ரிவைவ் குடுடா மாப்ள!”: சேர்ந்து ஆடினால் நட்பு இறுகும், தெரியுமா?

மதுரைக்குத் தூங்கா நகரம் என்ற பெயர் பரோட்டாக் கடைகளால் மட்டும்தான் நிலைத்திருக்கிறது என்று நினைக்கிறீர்களா? ராத்திரி பதினொரு மணிக்கு வில்லாபுரத்து மொட்டை மாடி ஒன்றை எட்டிப் பாருங்கள்! அங்கே ஒருவன், மேலூரில் ஒருவன், சென்னை மேன்ஷனில் ஒருவன், ஓசூர் கம்பெனி விடுதியில் ஷிப்ட் முடித்து வந்த ஒருவன். நான்கு ஊரில் இருக்கும் நான்கு பேரும் ஒரே தீவில் பாராசூட்டில் குதித்துக்கொண்டிருக்கிறார்கள். “அங்கிட்டுப் போகாத மாப்ள, எனிமி இருக்கான், இங்கிட்டு வா!” பள்ளிக்கூடம் முடித்ததும் திசைக்கொருவராகப் போய்விட்ட கூட்டம் தினம் ராத்திரி ஒன்றுகூடும் இடம் இன்று இதுதான்!

அந்த ஆட்டத்தின் பெயர் ‘பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா’. நூறு பேர் வரை இறங்குவார்கள், கடைசிவரை நிற்கும் அணிக்கு வெற்றி. நால்வர் அணியில் ஒருவன் குண்டடி பட்டால் உடனே செத்துவிடுவதில்லை. ‘நாக்’ ஆகி, தரையில் தவழ ஆரம்பிக்கிறான். அவனுடைய உயிர்க்கோடு குறைந்துகொண்டே வரும். இனி அவன் பிழைப்பது கூட்டாளி கையில்தான் இருக்கிறது. கூட்டாளி ஓடி வந்து பக்கத்தில் குத்தவைத்து, சில நொடிகள் அசையாமல் இருந்து தூக்கிவிட வேண்டும். இதற்குப் பெயர்தான் ‘ரிவைவ்’. அந்த நொடிகளில் அவனால் துப்பாக்கியைத் தொட முடியாது! எதிரி எந்தப் பக்கத்திலிருந்தும் சுடலாம். மீதி இருவரும் புகைக்குண்டு வீசி மறைப்புக் கொடுக்கிறார்கள். தனக்கு ஆபத்து என்று தெரிந்தே ஒருவன் வருகிறான், விழுந்து கிடப்பவன் அதைத் திரையில் பார்த்துக்கொண்டிருக்கிறான். இதைவிடப் பெரிய நட்புப் பரீட்சை வேறு என்ன வேண்டும்? “என்னை விட்டுட்டு ஓடிட்டான் பாரு” என்ற கோபம் மறுநாள் டீக்கடை வரைக்கும் வருவதும், “அவன் வந்து தூக்கினான்டா” என்ற பெருமை வருஷக்கணக்கில் பேசப்படுவதும் இதனால்தான்.

இதே ஆட்டத்தின் முந்தைய வடிவமான பப்ஜி மொபைல் 2020 செப்டம்பர் 2-ல் தடை செய்யப்பட்டது. 2021 ஜூலையில் இந்தியாவுக்கான புதுப் பெயரோடு வந்தது. 2022 ஜூலையில் அதுவும் ஆப் ஸ்டோர்களிலிருந்து நீக்கப்பட்டு, 2023 மே மாதம் திரும்பி வந்தது. இத்தனை முறை ஆட்டம் கைவிட்டுப் போயும், மறுபடி வந்த அன்றைக்கே பழைய நால்வரும் அதே குரூப்பில் கூடினார்கள் என்றால், அவர்களைப் பிடித்து வைத்திருந்தது துப்பாக்கியும் தீவும் மட்டுமா?

சரி, இதெல்லாம் செல்போன் வந்த பிறகுதான் என்று நினைத்தால், உங்களுக்குக் ‘கான்ட்ரா’ ஞாபகம் இருக்கிறதா? கோனாமி நிறுவனம் 1987-ல் கொண்டுவந்த ஆட்டம். தொண்ணூறுகளில் சாமுராய், மீடியா டிவி கேம் பெட்டிகள் வழியே நம் வீடுகளுக்குள் நுழைந்தது. கேசட்டை ஊதி ஊதிச் செருகி, ஆளுக்கொரு கன்ட்ரோலரோடு தரையில் உட்கார்ந்த தலைமுறைக்கு அந்த மூன்றாவது கட்டம் மறக்குமா? அருவி! மேலே மேலே தாவி ஏற வேண்டும். இதில் அதிசயம் என்ன தெரியுமா? ஒருவன் அவசரப்பட்டு ஏறினால் திரையும் அவனோடு மேலே நகரும். கீழே தங்கிவிட்டவன் திரையின் அடிவிளிம்பில் சிக்கிச் செத்துப்போவான். எதிரியே தேவையில்லை, கூட்டாளியின் அவசரமே போதும்! “இருடா, நான் வந்துக்கிறேன்” என்று தம்பி கத்த, அண்ணன் ஒரு படியில் நின்று காத்திருக்கக் கற்றுக்கொண்டது அந்த அருவியில்தான்.

இன்னும் ஒரு படி மேலே போன ஆட்டம் ஒன்று உண்டு. 2021-ல் வெளியான ‘இட் டேக்ஸ் டூ’வைத் தனியாக ஆடவே முடியாது, தெரியுமா? அந்த வசதியே அதில் கிடையாது! விவாகரத்தின் விளிம்பில் நிற்கும் கணவனும் மனைவியும் பொம்மைகளாக மாறிவிடுகிறார்கள். ஓரிடத்தில் கணவன் கையில் ஆணி, மனைவி கையில் சுத்தியல். அவன் ஆணியை எறிந்து சுவரில் பதித்தால்தான், அவள் சுத்தியலை அதில் மாட்டித் தொங்கித் தாவ முடியும். ஒருவர் வாங்கினால் போதும், கூட ஆடும் நண்பருக்கு இலவசம். அந்த வருஷத்தின் சிறந்த வீடியோ கேம் விருதையும் இதுவே தட்டிச் சென்றது.

ஆராய்ச்சிக்காரர்கள் இதைச் சும்மா விட்டார்களா? அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2015-ல் வெளியிட்ட அறிக்கையில், இணையத்தில் விளையாடும் பதின்பருவத்தினரில் 78 சதவீதம் பேர், ஏற்கெனவே தெரிந்த நண்பர்களோடு இன்னும் நெருக்கமாக உணர்வதாகச் சொன்னார்கள். பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தினர் முன்பின் தெரியாதவர்களை அணிகளாகச் சேர்த்துப் புதையல் வேட்டை போன்ற ஒரு வேலையைக் கொடுத்தார்கள். நடுவில் சில அணிகளை வெறும் 45 நிமிடம் சேர்ந்து வீடியோ கேம் ஆட வைத்தார்கள். அந்த அணிகள் மறுபடி வேட்டைக்குப் போனபோது திறன் 20 சதவீதம் கூடியிருந்தது. முக்கால் மணி நேரத்தில்!

இதன் வேர் வீடியோ கேமுக்கும் முந்தையது. 1954-ல் ஓக்லஹோமாவில் முசாபர் ஷெரிப் என்ற உளவியலாளர் 22 சிறுவர்களை இரண்டு முகாம்களாகப் பிரித்துப் போட்டிகள் வைத்தார். சண்டை முற்றியது. ஒன்றாகச் சாப்பிட வைத்தாலும் சாப்பாட்டை ஒருவர்மேல் ஒருவர் எறிந்தார்கள். பிறகு சாப்பாடு கொண்டுவர வேண்டிய லாரி ‘நின்றுபோனது’. பையன்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? முன்பு எதிரெதிராக நின்று இழுத்த அதே வடத்தை லாரியில் கட்டி, எல்லோருமாகச் சேர்ந்து இழுத்தார்கள்! இப்படிச் சில வேலைகள் முடிந்ததும் பகை நட்பாகிப்போனது. சித்திரைத் தேரின் வடம் பிடித்த மதுரைக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

வடம் என்றதும் வடமாடு நினைவுக்கு வருகிறதல்லவா? மதுரை, சிவகங்கைச் சீமையில் நீண்ட கயிற்றில் காளையைக் கட்டி, ஒன்பது பேர் அணி குறித்த நேரத்துக்குள் அதை அடக்க வேண்டிய விளையாட்டு. தனி வீரம் அங்கே செல்லாது. இன்னும் பின்னால் போனால், மதுரையிலிருந்து 12 கிலோமீட்டரில் கீழடி! அங்கே தோண்டியெடுத்த தந்தப் பகடையும் நூற்றுக்கணக்கான சுடுமண் ஆட்டக்காய்களும் இன்று அங்குள்ள அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எதிரே ஆள் உட்காராமல் அந்தப் பகடை உருண்டிருக்குமா?

எதிரே உட்காராமலேயே நட்பு வளரும் என்று காட்டும், நெஞ்சை உலுக்கும் உண்மைக் கதை ஒன்று நார்வேயில் நடந்தது. மாட்ஸ் ஸ்டீன், தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் வாழ்ந்த இளைஞர். நாள் முழுக்க ‘வேர்ல்ட் ஆப் வார்கிராப்ட்’ என்ற இணைய ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தார். மகனுக்கு நண்பர்களே இல்லை என்று பெற்றோர் வருந்தினார்கள். 2014-ல் 25 வயதில் அவர் இறந்ததும், தகவலை அவருடைய வலைப்பூவில் அப்பா எழுதினார். பல நாடுகளிலிருந்து கடிதங்கள் குவிந்தன! “என் மனச்சோர்வில் பக்கத்தில் இருந்தான்”, “என் மகனோடு என்னைப் பேச வைத்தான்” என்ற பொருளில் எத்தனையோ பேர் எழுதினார்கள். இறுதிச் சடங்குக்கு வெளிநாட்டிலிருந்தே வந்தார்கள். 2024-ல் அவர் வாழ்க்கை நெட்பிளிக்ஸில் ஆவணப்படமாக வெளியானது.

எல்லா ஆட்டமும் இப்படியா என்றால், இல்லை. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் சூதாட்டம் வேறு வகை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் அதைத் தடை செய்து சட்டம் போட்டதை முழு மனதோடு வரவேற்கிறேன். விடிய விடிய ஆடித் தூக்கத்தைத் தொலைப்பதும் தப்பு. 18 வயதுக்குக் கீழ் இருப்பவர்களுக்கு நாளுக்கு மூன்று மணி நேரம் என்று ‘பேட்டில்கிரவுண்ட்ஸ்’ ஆட்டமே எல்லை வைத்திருக்கிறது, அதை ஏமாற்றிக் கடக்கப் பிள்ளைகளை விடாதீர்கள்.

ஆனால் பெற்றோர்களே, பிள்ளை கையிலிருந்து போனைப் பிடுங்குவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: “உன் டீமில் யார் யார்ப்பா?” அவன் சொல்லும் பெயர்களைக் காதுகொடுத்துக் கேளுங்கள். முடிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் பக்கத்தில் உட்கார்ந்து, நீங்களும் ஒரு ஆட்டம் ஆடுங்கள்.