எந்த வகுப்பு, எதற்காக? சுங்கை பாக்காப்பில் தற்காப்புக் கலை பயில விரும்புவோர் எண்ண வேண்டியவை

தற்காப்புக் கலை வகுப்பில் பிள்ளையைச் சேர்க்க எண்ணும் பெற்றோர் முதலில் கேட்பது, எந்தக் கலை சிறந்தது என்பதைத்தான். சிலம்பமோ சிலாட்டோ கராத்தேயோ தேக்குவாண்டோவோ, எதை எடுத்துக்கொண்டாலும் அதற்குள்ளேயே மேடைக்காகப் பயிற்றுவிப்போரும், பதக்கத்துக்காகப் பயிற்றுவிப்போரும், உடல்நலத்துக்காகப் பயிற்றுவிப்போரும், மெய்யான தாக்குதலை எதிர்கொள்ளப் பயிற்றுவிப்போரும் இருப்பதால், கலையின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வகுப்பில் என்ன கிடைக்கும் என்று சொல்லிவிட முடியாது. கற்பவருக்கு எது வேண்டும் என்பது முதலில் தெளிவாகி, அதன்பின் அந்த ஆசானின் ஒரு மாலைப் பயிற்சியைத் தொடக்கம் முதல் முடிவு வரை உட்கார்ந்து பார்த்தால்தான் இரண்டும் பொருந்துகின்றனவா என்பது விளங்கும்.

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையின் தென்மாவட்டத்தில் உள்ள சுங்கை பாக்காப், 19ஆம் நூற்றாண்டில் சீனத் தொழிலதிபர் கீ லாய் ஹுவாட்டின் கரும்புத் தோட்டத்தையொட்டி வளர்ந்த சிற்றூர் ஆகும். இவ்வட்டாரத்தின் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து ஆள் சேர்க்கப்பட்ட காலத்தில் தொடங்கி, கரும்பு போய் ரப்பரும், ரப்பர் போய் செம்பனையும் வந்த பிறகும், வால்டோர், சங்காட், ஜாவி, நிபோங் திபால் ஆகிய இடங்களில் தமிழர் தொடர்ந்து வாழ்ந்துவருகின்றனர். அவர்களோடு கடல் கடந்து வந்த சிலம்பம், தோட்டத்துக் கோயில் திருவிழாக்களில் சாமி ஊர்வலத்துக்கு முன் ஆடப்பட்டும், பகல் வேலை முடிந்த மாலைகளில் லயத்து வாசலில் கற்பிக்கப்பட்டும் தலைமுறைகளைக் கடந்து நிலைத்தது. லயங்கள் காலியாகிக் குடும்பங்கள் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்தபோது ஆசானும் மாணவரும் ஆளுக்கொரு திசையில் சிதறினர். முன்பு வாசலிலேயே கிடைத்த கல்வியை இன்று விசாரித்துத் தேட வேண்டியிருக்கிறது.

சிலம்பம் என்னும் சொல்லை, ஒலித்தல் என்று பொருள்படும் ‘சிலம்பு’ என்னும் வினையோடு இணைத்து, கம்பு காற்றை அறுக்கும்போது எழும் ஓசையால் வந்த பெயர் என்று விளக்குவோரும், மலையைக் குறிக்கும் ‘சிலம்பு’ என்னும் பெயர்ச்சொல்லோடு இணைத்து விளக்குவோரும் உளர். கற்பவரின் நெற்றியைத் தொடும் உயரமுள்ள மூங்கிலோ பிரம்போதான் இதன் அடிப்படைக் கருவியாக இருந்தாலும், பழைய முறையில் கற்பிக்கும் ஆசான் தொடக்க வாரங்களில் கம்பைவிடக் காலுக்கே மிகுந்த கவனம் கொடுப்பார். காலடி அல்லது சுவடு எனப்படும் அடிவைப்பு முறையில், மாணவர் வெறுங்காலுடன் மண்ணில் நின்று, உடலின் எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றி, முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகர்ந்து திரும்பப் பழகுகிறார். கம்பு கைக்கு வந்த பிறகு முதலில் வலிப்பது தோள் அன்று, மணிக்கட்டும் கட்டை விரலின் அடிப்பகுதியும்தான். கம்பை இறுகப் பிடித்தால் அது சுழலாது, தளர விட்டால் நழுவி முழங்காலில் அடிக்கும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பிடி கைக்குள் படிவதற்கு நாள்தோறும் சற்று நேரம் தனியே சுற்றிப் பழகுவதைத் தவிர வேறு வழி இல்லை என்பதால், வாரம் ஒரு மணி நேர வகுப்பை மட்டும் நம்பும் மாணவர் இந்தக் கட்டத்திலேயே தேங்கிவிடுகிறார். காலடியும் வீச்சும் ஒன்றோடொன்று இணைந்த பிறகே வெறுங்கைப் போர்முறையான குத்துவரிசை, மான்கொம்பு, சுருள்வாள் போன்றவை வரிசைப்படி வருகின்றன.

இந்த ஒரே கலை மூன்று வெவ்வேறு நோக்கங்களுக்குப் பிரிந்து நிற்பதைச் சிலம்பத்தில் தெளிவாகக் காணலாம். திருவிழாவிலும் பொங்கல் மேடையிலும் காணப்படும் அலங்காரச் சிலம்பம், ஒற்றைக் கம்பும் இரட்டைக் கம்பும் தீப்பந்தமும் கொண்டு வேகத்தையும் அழகையும் காட்டுவது. உடல் ஒருங்கிணைவையும் கூட்டத்தின் முன் நிற்கும் துணிவையும் அது வளர்க்கிறது. போட்டிச் சிலம்பத்திலோ, கம்பின் நுனியால் எதிராளியின் உடலைத் தொடுவதே புள்ளியாகிறது. முற்காலத்தில் கம்பின் நுனியில் பொடியோ சாயமோ தடவி, உடலில் பதிந்த தடங்களை எண்ணி வெற்றியை முடிவு செய்த வழக்கமும் இருந்தது. மூன்றாவதான போர்ச்சிலம்பத்தில் அடியும் தடுப்பும் எதிரடியும் இணையரோடு பயிலப்படுகின்றன, சில ஆசான்களிடம் உடலின் உயிர்நிலைகளைப் பற்றிய வர்மக் கல்வியும் அதனோடு சேர்கிறது. மூன்றுமே மதிப்புடையவை என்றாலும், போட்டியில் வெல்ல விரும்பும் மாணவர் ஆண்டு முழுதும் மேடை நிகழ்ச்சிக்கு மட்டும் ஒத்திகை பார்க்கும் குழுவில் சேர்ந்தால், அங்கே கற்பதில் குறையில்லாவிட்டாலும் அவர் தேடியது அவருக்குக் கிடைக்காது. பயிற்சியைப் பார்க்கச் செல்பவர், அந்த நேரத்தில் எவ்வளவு தனியாகச் சுற்றுவதில் போகிறது, எவ்வளவு இணையரோடு கம்பு மோதுவதில் போகிறது என்பதைக் கவனித்தாலே அது எவ்வகை வகுப்பு என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

தெருவில் தற்காத்துக்கொள்வதே நோக்கம் என்றால் இன்னும் கண்டிப்பான கேள்விகள் தேவைப்படுகின்றன. ஐந்தரை அடிக் கம்பை யாரும் பேருந்து நிலையத்துக்கு எடுத்துச் செல்வதில்லை. ஆகவே சிலம்பம் ஒருவருக்குத் தெருவில் தரக்கூடியவை எதிராளியின் தொலைவை அளக்கும் கண்ணும், நின்ற இடத்திலிருந்து விலகும் காலும், கையில் கிடைத்த குடையையோ குச்சியையோ பயன்படுத்தும் பழக்கமும், குத்துவரிசையும் ஆகும். எந்தக் கலையாயினும், முன்கூட்டியே சொல்லி வைத்த அடியை முன்கூட்டியே சொல்லி வைத்த தடுப்பால் தடுப்பதோடு பயிற்சி நின்றுவிட்டால், அது தற்காப்புக்குப் போதாது. எதிரில் நிற்பவர் எந்தப் பக்கமிருந்து வருவார் என்பது தெரியாத நிலையில், பாதுகாப்புக் கவசத்துடன், மெதுவான வேகத்திலாவது பழக வேண்டும். பிடியிலிருந்து விடுபட்டு ஓடுவதையும் குரலெழுப்பி உதவி கேட்பதையும் பயிற்சியின் பகுதியாகச் சொல்லித்தர வேண்டும். இதைச் சொல்லித்தராமல் மூன்று மாதத்தில் எவரையும் வீழ்த்தலாம் என்று உறுதி கூறும் விளம்பரம், குறிப்பாகப் பெண்களுக்குப் பொய்யான துணிவை ஊட்டுவதால், வெறும் மிகைப்படுத்தல் என்று விட்டுவிடக் கூடியதன்று.

மலேசியாவில் மற்றக் கலைகள் வேரூன்றிய வரலாறும் தேர்வுக்குத் துணை செய்யும். ஜெனரல் சோய் ஹோங் ஹி 1960களின் தொடக்கத்தில் தென்கொரியத் தூதராக இந்நாட்டில் பணியாற்றியதால் தேக்குவாண்டோ மிக விரைவில் இங்கு வந்து சேர்ந்தது. அவர் 1966இல் நிறுவிய சர்வதேச தேக்குவாண்டோ சம்மேளனமும், 1973இல் தோன்றிய உலகத் தேக்குவாண்டோ அமைப்பும் வெவ்வேறு விதிகளைப் பின்பற்றுகின்றன. முன்னதில் முகத்தில் கையால் குத்தலாம், பின்னதில் அதற்கு இடமில்லை, 2000 முதல் ஒலிம்பிக் பதக்க விளையாட்டாக இருப்பதும் பின்னது மட்டுமே. இரு வகுப்புகளின் வாசலிலும் தேக்குவாண்டோ என்ற ஒரே பெயர் எழுதியிருப்பதால், ஒலிம்பிக் கனவோடு பிள்ளையைச் சேர்ப்பவர் எந்த அமைப்பு என்று கேட்காமல் சேர்த்துவிட்டுப் பல ஆண்டுகளுக்குப் பின் வருந்த நேரிடும். கராத்தேயைப் பொறுத்தவரை, சியூ சூ சூட் 1966இல் தொடங்கிய கராத்தே புடோக்கான் இந்நாட்டிலிருந்து வெளிநாடுகளுக்குப் பரவியது. கராத்தே ஒலிம்பிக்கில் இடம்பெற்றது, 2021இல் நடந்த தோக்கியோ 2020 போட்டியில் மட்டும்தான். மலாய் மக்களின் சிலாட் 2019இல் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது, தென்கிழக்காசியப் போட்டிகளிலும் அதற்கு உறுதியான இடம் உண்டு. சில சிலாட் குழுக்களில் இஸ்லாமிய வேண்டுதலும், பல சிலம்ப வகுப்புகளில் தெய்வ வணக்கமும் பயிற்சியோடு பிணைந்திருப்பதால், வேற்றுச் சமயத்தவர் முன்னரே மரியாதையோடு கேட்டுத் தெரிந்துகொள்வது இரு தரப்புக்கும் நல்லது. சிலம்பத்துக்கு ஒலிம்பிக் வாய்ப்பு இன்னும் இல்லை. ஆயினும் 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடைபெற்ற கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் அது காட்சி விளையாட்டாகச் சேர்க்கப்பட்டது தமிழர் மகிழத்தக்க முன்னேற்றம்.

உடல் எடையைக் குறைக்க வருவோரும் தம் நோக்கத்தைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. ஒன் சாம்பியன்ஷிப் என்னும் ஆசியப் போட்டி அமைப்பின் உலகப் பட்டத்துக்காக 2017இல் மோதிய மலேசியத் தமிழர் அகிலன் தாணி, இளமையில் உடல் பருமனைக் குறைக்கவே கலப்புப் போர்க்கலைக் கூடத்துக்குச் சென்றவர். எல்லாரும் அந்த மேடைக்குப் போகப்போவதில்லை. நாற்பது வயதுக்கு மேற்பட்டவர் மூச்சு வாங்கினால் நிறுத்திக்கொள்ள அனுமதிக்கும் வகுப்பைத் தேடுவதே போதும்.

இடைநிலைப் பள்ளி மாணவர்களின் பெற்றோர் பலர் வெளிப்படையாகச் சொல்லாத நோக்கம் ஒன்றும் உண்டு. அரசுப் பல்கலைக்கழக நுழைவு மதிப்பீட்டில் 90 விழுக்காடு கல்வித் தேர்ச்சிக்கும் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கும் போவதால், பள்ளி, மாவட்டம், மாநிலம், தேசியம் என்ற படிநிலைகளில் கிடைக்கும் சான்றிதழுக்கு மதிப்பு உண்டு. இதில் வெட்கப்பட ஏதுமில்லை. ஆனால் அந்தச் சான்றிதழைப் பள்ளி ஏற்குமா என்பதைப் பொறுப்பாசிரியரிடமும், அதை வழங்கும் அமைப்பு 1997ஆம் ஆண்டின் விளையாட்டு மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் விளையாட்டு ஆணையர் அலுவலகத்தில் பதிவு பெற்றதா என்பதை வகுப்பை நடத்துபவரிடமும், பணம் கட்டுவதற்கு முன்பே கேட்க வேண்டும். மாதக் கட்டணம் குறைவாக இருந்தாலும், பட்டைத் தேர்வு, சீருடை, கவசம், போட்டிப் பயணம் ஆகியவற்றுக்குத் தனித்தனியே வசூலிக்கப்படும் தொகை அதைவிடப் பெரிதாகிவிடுவதுண்டு; ஓர் ஆண்டுக்கு மொத்தம் எத்தனை ரிங்கிட் ஆகும் என்று கேட்டால் நேர்மையான ஆசான் கணக்குப் போட்டுச் சொல்லிவிடுவார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, சிறுவரை ஒப்படைக்கும் இடம் பாதுகாப்பானதாக இருக்க வேண்டும். பெற்றோர் உட்கார்ந்து பார்ப்பதைத் தடுக்கும் வகுப்பிலோ, மாணவரைத் தனியே அழைத்துச் சென்று பயிற்றுவிக்கும் வகுப்பிலோ சேர்க்கவே கூடாது. சிறுவருக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்காக 2017இல் இயற்றப்பட்ட மலேசியச் சட்டம், பொறுப்பில் இருப்பவரே அந்த நம்பிக்கையை மீறினால் கூடுதல் தண்டனை விதிக்கிறது என்பதை ஒவ்வொரு பெற்றோரும் அறிந்திருக்க வேண்டும். சிலம்ப வகுப்பில், சுற்றும் பிள்ளைகளுக்கிடையே இரண்டு கம்பு நீளமாவது இடைவெளி இருக்கிறதா, இணையர் பயிற்சியில் தலைக்கவசம் அணிகிறார்களா, வெடித்த மூங்கிலை ஆசான் உடனே ஒதுக்கிவிடுகிறாரா என்று பார்க்கலாம். தலையில் அடிபட்ட மாணவர் அன்றே பயிற்சியை நிறுத்த வேண்டும், தலைசுற்றலோ வாந்தியோ குழப்பமோ இருந்தால் சுங்கை பாக்காப் அரசு மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்ல வேண்டும். ‘இதெல்லாம் சகஜம்’ என்று சொல்லி அந்தப் பிள்ளையை மீண்டும் களத்தில் இறக்கும் ஆசான் எத்தனை பட்டங்கள் பெற்றவராயினும் தவிர்க்கத்தக்கவர்.

சிற்றூரில் வாழ்பவருக்குத் தூரமும் ஒரு முடிவான காரணம். 2014இல் பத்து காவானிலிருந்து தீவுக்கு இரண்டாவது பாலம் திறக்கப்பட்ட பிறகு ஜார்ஜ் டவுன் பயிற்சிக்கூடங்கள் எட்டும் தொலைவுக்கு வந்துவிட்டன என்பது உண்மையே. எனினும், தொழிற்சாலை வேலை முடிந்து வரும் தந்தையோ தாயோ வாரத்துக்கு மூன்று மாலை காரோட்டிப் போய்வருவது சில மாதங்களில் சலித்துவிடும். மிதிவண்டியில் போகக்கூடிய கோயில் மண்டபத்திலோ தமிழ்ப்பள்ளித் திடலிலோ நடக்கும் எளிய வகுப்பு, இடைவிடாமல் தொடர முடிவதால், அதைவிட மிகுந்த பலனைத் தரும். ஆண்டின் இறுதி மாதங்களில் மாலை மழை பெய்யும்போது பயிற்சி எங்கே நடக்கும் என்று கேட்டு வைப்பதும் நல்லது. திடலை மட்டும் நம்பும் வகுப்புகள் அப்பருவத்தில் வாரக்கணக்கில் நின்றுபோவதுண்டு.

பிள்ளை வளர வளர நெற்றி உயரக் கம்பு மார்பளவாகிவிடும், புதிதாக வெட்ட வேண்டும். நோக்கமும் அதேபோல் மாறக்கூடும். எட்டு வயதில் திருவிழாவுக்காகச் சுற்றியவர் பதினைந்து வயதில் போட்டியை விரும்பி வேறோர் ஆசானை நாடினால், பழைய ஆசானிடம் பெற்றோரோடு நேரில் சென்று, வெற்றிலை பாக்கும் பழமும் தட்டில் வைத்துத் தட்சிணை கொடுத்து, காரணத்தைச் சொல்லி விடைபெறுவது மரபு. அந்தத் தட்டைப் பெற்றுக்கொண்டு, இந்த மாணவருக்கு இடக்காலில் திருத்தம் தேவை என்று புதிய ஆசானுக்குச் சொல்லியனுப்பும் சிலம்ப வாத்தியார்களும் உண்டு.