சீரத்தில் வேலை செய்வது எது?

தோல் முதிர்வதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று வயது, மற்றொன்று வெயில். இருபதுகளைத் தாண்டியதும் தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் புரதம் ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம் குறைந்துகொண்டே வருகிறது. இதிலிருந்து யாருக்கும் விலக்கில்லை. வெயிலின் வேலை வேறு மாதிரியானது. சூரிய ஒளியில் உள்ள யுவிஏ கதிர்கள் மேல்தோலைக் கடந்து உள்தோல் வரை இறங்கி, கொலாஜனை அறுக்கும் நொதிகளைத் தூண்டிவிடுகின்றன. முகத்தில் விழும் சுருக்கம், கரும்புள்ளி, சொரசொரப்பு ஆகியவற்றில் பெரும்பங்கு வயதைவிட வெயிலுக்கே உரியது.

2012இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழ் 69 வயது லாரி ஓட்டுநர் ஒருவரின் முகப்படத்தை வெளியிட்டது. அவர் 28 ஆண்டுகள் லாரி ஓட்டியவர். அமெரிக்க வண்டிகளில் ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம் என்பதால், அவருடைய இடக்கன்னம் எந்நேரமும் ஜன்னலோரம் இருந்தது. கண்ணாடி யுவிபி கதிர்களைத் தடுத்துவிடும், யுவிஏவைப் பெரும்பாலும் உள்ளே விட்டுவிடும். படத்தில் வலப்பக்கம் வயதுக்கேற்றபடி இருக்கிறது. இடப்பக்கம் தடித்து, ஆழமான கோடுகள் விழுந்து, வேறொருவர் முகம் போலத் தொங்குகிறது.

இத்தகைய மாற்றங்களைக் குறைப்பதாகச் சொல்லி விற்கப்படும் க்ரீம்களிலும் சீரங்களிலும் இருக்கும் பொருள்களில் பெரும்பாலானவை ஈரப்பதம், வழவழப்பு, மணம் ஆகியவற்றுக்காகச் சேர்க்கப்படுபவை. மிகச் சிலவே தோல் செல்லின் போக்கை மாற்றுபவை. உயிர்ச்செயல் பொருள்கள் எனப்படும் இவற்றை அழகுப்பொருள் சந்தை 'ஆக்டிவ்' என்று அழைக்கிறது. விளம்பரங்களில் இவற்றின் பட்டியல் நீளமானது. மனிதர்களிடம் சோதித்து உறுதியான பலன் கண்டவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

காரணம் தோலின் அமைப்பிலேயே இருக்கிறது. வெளிப்பொருள் உள்ளே வராமல் தடுப்பதுதான் தோலின் முதல் கடமை. அதன் மேலடுக்கில் செங்கல்லும் சாந்தும் போல இறந்த செல்களும் கொழுப்பும் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கின்றன. பெரும்பாலான இடங்களில் இதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான். ஆனாலும் மூலக்கூறு எடை 500 டால்டனுக்கு மேற்பட்ட பொருள்கள் இதை ஊடுருவுவது அரிது என்பது தோல் மருத்துவத்தில் பொது விதி. கொலாஜனின் எடை சுமார் 3 லட்சம் டால்டன். ஆகவே கொலாஜன் க்ரீமைப் பூசினால் தோலுக்குள் கொலாஜன் கூடும் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஹயலூரானிக் அமிலத்தின் பெரிய மூலக்கூறுகளும் மேலேயே தங்கிவிடும். அங்கே அவை நீரைப் பிடித்துவைப்பதால் தோல் சில மணி நேரம் உப்பி, சுருக்கம் மங்கித் தெரியும். பலன் உண்மைதான், முகம் கழுவும் வரை.

தடையைத் தாண்டுபவற்றில் முதலிடம் வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்த ரெட்டினாய்டுகளுக்கு உரியது. இந்தக் குடும்பத்தின் வீரியமான உறுப்பினர் ட்ரெட்டினாயின் என்ற ரெட்டினாயிக் அமிலம். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் கிளிக்மன் இதை முகப்பரு மருந்தாக வளர்த்தெடுத்தார். 1971இல் அமெரிக்காவில் அது அனுமதி பெற்றது. அதைப் பூசிவந்த நடுவயதுப் பெண்கள் சிலர் சுருக்கமும் குறைவதாகச் சொல்ல, ஆராய்ச்சி அந்தப் பக்கம் திரும்பியது. வெயிலால் கெட்ட தோலை ட்ரெட்டினாயின் ஓரளவு மீட்கிறது என்று அவரது குழு 1986இல் அறிவித்தது. பின்னர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வுகள் அதை உறுதிசெய்தன. செல்லின் கருவுக்குள் இருக்கும் ஏற்பிகளில் ஒட்டிக்கொண்டு கொலாஜன் உற்பத்தியை ஏற்றுவதும், அதை அறுக்கும் நொதிகளை அடக்குவதும் இந்த மூலக்கூறின் வேலை.

கிளிக்மனின் பெயரோடு ஒரு கறையும் சேர்ந்தே வருகிறது. ஃபிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் 1951 முதல் 1974 வரை கைதிகளின் தோலை அவர் சோதனைக்களமாக்கினார். இன்றைய மருத்துவ அறம் எதுவும் அதை ஏற்காது. சுருக்கத்துக்கான மிகச் சிறந்த மருந்தின் வரலாற்றில் இந்தப் பக்கத்தைக் கிழித்தெறிந்துவிட முடியாது.

கடைகளில் தாராளமாகக் கிடைக்கும் சீரங்களில் இருப்பது ட்ரெட்டினாயின் அல்ல, ரெட்டினால். தோல் அதை முதலில் ரெட்டினால்டிஹைடாகவும், பிறகு ரெட்டினாயிக் அமிலமாகவும் மாற்றிக்கொள்ள வேண்டும். இந்த இரண்டு படிகளில் வீரியம் கணிசமாகக் குறைகிறது, எரிச்சலும் கூடவே குறைகிறது. 2007இல் வெளியான மிச்சிகன் ஆய்வில் சராசரி வயது 87 கொண்ட 36 முதியவர்களின் ஒரு கையில் மட்டும் 0.4 சதவீத ரெட்டினால் பூசப்பட்டது. 24 வாரங்களில் அந்தக் கையில் மெல்லிய சுருக்கங்கள் குறைந்தன, கொலாஜன் உற்பத்தி கூடியது. வெயில் படாத மேற்கையின் உட்புறத்தில் சோதித்தார்கள் என்பதால், வயதால் மட்டுமே முதிர்ந்த தோலும் இதற்கு இசைகிறது என்பது தெரிந்தது.

ரெட்டினாய்டுகளை இரவில் பட்டாணி அளவு எடுத்து, முதலில் வாரம் இரண்டு மூன்று நாள் என்று தொடங்குவதே வழக்கம். தோல் உரிந்து சிவப்பது ஆரம்ப வாரங்களில் இயல்பு. கர்ப்பிணிகள் இவற்றைத் தவிர்க்க வேண்டும். 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் முகப்பூச்சில் ரெட்டினால் 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு விதித்தது.

இந்தியாவில் ட்ரெட்டினாயினுக்கு ஒரு விபரீத வாழ்க்கையும் உண்டு. கரும்படலத்துக்காக 1975இல் கிளிக்மனும் சக ஆய்வாளரும் வகுத்த கலவையில் ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், ஸ்டீராய்டு மூன்றும் சேர்ந்திருந்தன. அதன் வழிவந்த ட்யூப்கள் டாக்டர் சீட்டே இல்லாமல் சிவப்பழகு க்ரீமாக மருந்துக் கடைகளில் கைமாறின. மாதக்கணக்கில் பூசியவர்களுக்குத் தோல் மெலிந்தது, ரத்த நாளங்கள் வெளியே தெரிந்தன, முகத்தில் பருவும் ரோமமும் முளைத்தன. நிறுத்தினால் எரிச்சல் இருமடங்காகத் திரும்பியது. தோல் மருத்துவர்களின் நெடுநாள் போராட்டத்துக்குப் பிறகு, 2018இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு பூச்சுகளைச் சீட்டுக்கு மட்டுமே தரவேண்டிய பட்டியலில் சேர்த்தது.

வைட்டமின் சி இன்னொரு நம்பகமான பொருள், ஆனால் பாதுகாத்துவைப்பது கடினம். டியூக் பல்கலைக்கழகத்தின் ஷெல்டன் பின்னெல் குழு 2001இல் வெளியிட்ட ஆய்வின்படி, எல்-அஸ்கார்பிக் அமிலம் தோலுக்குள் இறங்க அதன் பிஎச் 3.5க்குக் கீழே இருக்க வேண்டும். செறிவு 20 சதவீதத்தைத் தாண்டினால் கூடுதல் பயன் இல்லை. 15 சதவீத வைட்டமின் சியோடு 1 சதவீத வைட்டமின் ஈயும் அரை சதவீத ஃபெரூலிக் அமிலமும் சேர்த்தபோது வெயிலுக்கு எதிரான காப்பு இருமடங்கானதை அதே குழு 2005இல் காட்டியது. காற்றும் வெளிச்சமும் பட்டால் இந்தச் சீரம் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகிவிடும். பழுப்பான புட்டியில் மிஞ்சியிருக்கும் வீரியத்தை நம்ப முடியாது.

வைட்டமின் சி சன்ஸ்க்ரீனுக்குத் துணைதானே தவிர மாற்று அல்ல. ஆஸ்திரேலியாவின் நம்பூர் நகரில் 55 வயதுக்குட்பட்ட 903 பேரை நாலரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவு 2013இல் வந்தது. தினமும் சன்ஸ்க்ரீன் பூசியவர்களுக்கு, விருப்பப்பட்டபோது மட்டும் பூசியவர்களைவிடத் தோல் முதிர்வு 24 சதவீதம் குறைவு. விலையுயர்ந்த சீரம் எதற்கும் இவ்வளவு பெரிய, இவ்வளவு நீண்ட சோதனைச் சான்று கிடையாது.

நியாசினமைடு என்ற வைட்டமின் பி3 மலிவானது, எரிச்சல் தராதது. நிறமி செய்யும் செல்லிலிருந்து மேல்தோல் செல்லுக்கு நிறமிப் பொட்டலங்கள் போய்ச் சேருவதை அது தடுப்பதால் புள்ளிகள் மங்குகின்றன. பெப்டைடுகள் கொலாஜன் துண்டுகளைப் போல நடித்து, புதுக் கொலாஜன் செய்யும்படி செல்லை ஏமாற்றும் என்பது கருத்து. ஆய்வுகளில் பல அவற்றைத் தயாரிப்பவர்கள் நடத்தியவை.

தமிழ்நாட்டு நாட்டுமருந்துக் கடைகளில் விற்கும் கார்போகரிசிக்கு இந்த வரிசையில் எதிர்பாராத இடம் கிடைத்திருக்கிறது. குளியல் பொடியில் சேரும் அந்தக் கறுத்த சிறு விதையிலிருந்து பாகுசியால் என்ற பொருளைப் புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தார் பிரித்தெடுத்து 1966இல் அறிவித்தனர். 2019இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 44 பேர் 12 வாரங்கள் பாகுசியாலையோ ரெட்டினாலையோ பூசினார்கள். சுருக்கத்திலும் நிறத்திலும் இரண்டும் ஏறக்குறைய ஒரே பலன் தந்தன. உரிதலும் எரிச்சலும் ரெட்டினால் பூசியவர்களுக்கே அதிகம். சிறிய ஆய்வுதான், ஆனாலும் நம்பிக்கை தருவது. அதற்காக விதையை அரைத்து முகத்தில் அப்பிக்கொள்வது ஆபத்து. அதில் சோராலென் என்ற பொருளும் இருக்கிறது. வெண்புள்ளி சிகிச்சைக்கு உதவும் அதே சோராலென், பூசிய தோலில் வெயில் பட்டால் கொப்புளம் வரவைக்கும். சீரத்துக்கு வருவது சோராலென் நீக்கிச் சுத்திகரித்த பாகுசியால்.

தலைமுடியின் கதை வேறு. வெளியே தெரியும் முடி உயிரற்ற கெரட்டின் இழை. மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்வதால் இடுப்பளவு கூந்தலின் நுனிக்கு ஐந்தாறு வயது ஆகியிருக்கும். அதற்கு ஊட்டம் தர முடியாது, தேய்மானத்தைக் குறைக்க மட்டுமே முடியும். இதில் தேங்காயெண்ணெய்க்குச் சான்று இருக்கிறது. 2003இல் மும்பை ஆய்வாளர்கள் தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டபோது, முடியிலிருந்து புரதம் கழிவதைத் தேங்காயெண்ணெய் மட்டுமே குறைத்தது. அதன் லாரிக் அமிலம் நேரான சிறு மூலக்கூறு என்பதால் இழைக்குள் நுழைகிறது. ஆய்வு நடத்தியது தேங்காயெண்ணெய் விற்கும் நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவு என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

முடி வளர்வது மயிர்க்காலில். அங்கே பலன் தருவது மினாக்ஸிடில். 1979இல் ரத்த அழுத்த மாத்திரையாக அமெரிக்காவில் அனுமதி பெற்ற அதைச் சாப்பிட்டவர்களுக்கு உடலெங்கும் ரோமம் வளர்ந்தது. அந்தப் பக்கவிளைவே 1988இல் வழுக்கைக்கான திரவமாக வந்தது. முதல் வாரங்களில் முடி கூடுதலாகக் கொட்டலாம். பலன் தெரிய நான்கைந்து மாதமாகும், நிறுத்தினால் சில மாதங்களில் பழைய நிலைதான். 2015இல் வெளியான ஈரானிய ஆய்வு ரோஸ்மேரி எண்ணெயும் 2 சதவீத மினாக்ஸிடிலும் ஒத்த பலன் தருவதாகச் சொன்னது. எதுவும் பூசாத ஒப்பீட்டுக் குழு அதில் இல்லாததால், முடிவை அப்படியே எடுத்துக்கொள்வதற்கில்லை. கரிசலாங்கண்ணிக்கு எலிகளில் நல்ல முடிவுகள் உண்டு.

நரைக்கு இன்னும் பூச்சு இல்லை. மயிர்க்காலில் நிறமி செல்களைப் பிறப்பிக்கும் தண்டு செல்கள் தீர்ந்துபோவது நரைக்கு ஒரு காரணம். கடும் மன அழுத்தத்தில் சுரக்கும் நார்எபிநெஃப்ரின் அவற்றை வேகமாகத் தீர்த்துவிடுகிறது என்று ஹார்வர்டு குழு 2020இல் எலிகளில் காட்டியது. தீராமலேயே அவை இடம் மாற முடியாமல் சிக்கிக்கொள்வதும் நரையைத் தரும் என்று நியூயார்க் குழு 2023இல் சொன்னது. சிக்கியதை நகர்த்தும் வழி இனிமேல்தான் வரவேண்டும். அதுவரை சாயமே கதி. மருதாணியின் லாசோன் கெரட்டினோடு ஒட்டிச் செம்பழுப்பு நிறம் தரும். கன்னங்கரேல் என்று ஆக்கும் 'கருப்பு மருதாணி'ப் பொடிகளில் பெரும்பாலும் பிபிடி என்ற ரசாயனம் கலந்திருக்கும். சிலருக்கு அது முகம் வீங்கும் அளவு ஒவ்வாமை தரக்கூடியது. அதனால் சாயம் பூசுவதற்கு 48 மணி நேரம் முன்பே காதுக்குப் பின்னால் ஒரு துளி தடவிப் பார்க்கச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். முன்பு ஒத்துக்கொண்ட சாயம் இந்த முறை ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்பதால், ஒவ்வொரு தடவையும் இந்தச் சோதனை தேவை.