உத்தேச எடை

சங்கத்து லாரிகளின் விவரத்தைக் கணிப்பொறியில் வைத்துள்ள அங்கத்தினர்களுக்கு ஒரு விண்ணப்பம். புதிய லாரி பல வேளைகளில் கூடு கட்டாத சேஸிஸாகவே வாங்கப்படுகிறது. தற்காலிகப் பதிவுடன் நாமக்கல் போன்ற ஊருக்குச் சென்று, கூடு கட்டி, எடைமேடை ஏறிய பின்னரே அதன் வெற்று எடை தெரியும். மென்பொருளோ அவ்விடத்தைக் காலியாக விட இசைவதில்லை. எழுத்தர் உத்தேசமாக ஓர் எண்ணை இடுகிறார், அதுவே நிலைத்துவிடுகிறது.

அண்மையில் ஒரு சங்கத்தில் தணிக்கையின்போது இதைக் கண்டேன். ஈரச்சு லாரிக்கு 2018 முதல் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 18.5 டன். வெற்று எடை 6 டன் என்பது உத்தேசப் பதிவு. பதிவுச் சான்றிலோ 6.5 டன். ஆகவே நூல் சிப்பங்கள் ஏற்றிய போதெல்லாம் கணிப்பொறி அரை டன் கூடுதலாக அனுமதித்து வந்தது. 2019 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி மிகுபாரத்துக்கு அபராதம் ரூ. 20,000, மிகுந்த டன் ஒன்றுக்கு ரூ. 2,000 வேறு. வழியில் எவரும் நிறுத்தாதது ஓட்டுநரின் நல்லூழ். எழுத்தரை நான் குறை கூறேன்; அவர் இட்டது உத்தேசம் என்று குறிக்க அங்கே இடமே இல்லை.

அத்தகைய எண்ணுக்கு எதிரே 'தற்காலிகம்' என்று குறித்து, இட்டவர் பெயரையும் உறுதி செய்யவேண்டிய நாளையும் சேர்த்தல் வேண்டும். பதிவுச் சான்றின்படி அது சரிபார்க்கப்படும் வரை அவ்வண்டிக்குப் பாரச் சீட்டு பிறவாதபடி தடை வைப்பது உசிதம். திருத்தும்போது பழைய எண்ணை அழிக்கலாகாது; அதை நம்பி அனுப்பிய நடைகள் எவை என்று பின்னர் தேட நேரும்.